ரிசீவர் வாங்கினவங்க கேக்குறாங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு சின்ன அறிவிப்பு போட்டிருந்தோம். முப்பதாயிரத்துல இருந்து எழுபதாயிரத்துக்குள்ள ஏவி ரிசீவர் (டிவி, பிளேயர் சத்தத்தை வாங்கி எல்லா ஸ்பீக்கருக்கும் பிரிச்சு அனுப்புற ஆம்ப்ளிஃபயர் பொட்டி) வாங்கி வீட்ல வச்சிருக்கவங்க, திருப்தியா இருக்கீங்களா இல்லையான்னு எழுதுங்க, கேள்வி இருந்தா அதையும் எழுதுங்கன்னு. கடலூர், பாண்டி, நெய்வேலி, பண்ருட்டி பக்கம் இருந்து லெட்டரும் வாட்ஸப் வாய்ஸும் நிறையவே வந்துச்சு. எல்லாத்தையும் உக்காந்து படிச்சப்போ ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரிஞ்சுது, பொட்டியை நேரா யாரும் திட்டல, "சவுண்டு அருமை சார்"னு ஆரம்பிச்சு அடுத்த வரியிலயே "ஆனா"ன்னு இழுக்கிறாங்க. அந்த "ஆனா"வுக்கு அப்புறம் வர்றதுல முக்காவாசி ரிசீவரை வச்ச இடம், மாட்டின விதம், செட்டிங்க்ஸ் இதுல தான் போய் நிக்குது. புதுசா ஒண்ணு வாங்க காசு எடுக்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் ஒரு தடவை பாத்துடுங்கன்னு தான் எல்லாருக்கும் சொல்லத் தோணுது.

கேள்வி: டெனான் ஏவிஆர் எக்ஸ்1700ஹெச் வாங்கி ஒரு வருஷம் ஆகப்போகுது, பாட்டு சண்டை எல்லாம் பிச்சு உதறுது, ஆனா வசனம் வந்தா ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. ரிமோட்டை கையிலயே வச்சுக்கிட்டு ஏத்தி ஏத்தி இறக்கிட்டே தான் படம் பாக்குறோம். எங்க அம்மா இதுக்கு டிவி ஸ்பீக்கரே தேவலைடாங்கறாங்க. வித்துட்டு வேற கம்பெனி போலாமா சார்?
- மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: விக்காதீங்க சார். இதே புகார் வேற வேற கம்பெனி பேரோட வந்த லெட்டர்லயும் இருக்கு, அதனால கம்பெனி மாத்தினா தீராது.

நீங்க அனுப்பின போட்டோவை பெருசு பண்ணி பாத்தேன். சென்டர் ஸ்பீக்கர் டிவி யூனிட்டோட கீழ் தட்டுல, ஒரு சாண் உள்ள தள்ளி இருக்கு, அது முன்னாடி செட்டாப் பாக்ஸ், அது பக்கத்துல பிள்ளையார் சிலை, ஒரு போட்டோ ஃபிரேம். படத்துல பேசுற பேச்சு முக்காவாசி அந்த ஒரு ஸ்பீக்கர்ல இருந்து தான் வருது. அது மரத்தட்டுக்குள்ளயே முட்டி மோதி, மீதி உங்க முழங்காலைப் பாத்து வெளிய வருது. முதல்ல அதை தட்டோட விளிம்புக்கு இழுங்க, ஒரு இன்ச் வெளிய நீட்டிட்டு இருந்தாலும் பரவால்ல. முன்னாடி இருக்கிற சாமானை எடுத்துட்டு, ஸ்பீக்கரோட முன் பக்க அடியில ரப்பர் துண்டு வச்சு மூஞ்சி லேசா மேல தூக்கி, உக்காந்திருக்கவங்க காதைப் பாக்குற மாதிரி வைங்க. இது மட்டும் பண்ணாலே அம்மா சொல்றது மாறும்.

அடுத்தது மைக். பொட்டியோட ஒரு மைக் வந்திருக்குமே, அதை கடைப்பையன் வந்து ஒரு தடவை சோஃபா மேல போட்டு "பீப் பீப்"னு ஓட விட்டுட்டு போயிருப்பார்னு நினைக்கிறேன், ஏன்னா வந்த லெட்டர்ல பாதிப்பேர் அப்படித்தான் எழுதியிருக்காங்க. இந்த மாடல்ல இருக்கிற ஆடிசி மல்ட்ஈக்யூ எக்ஸ்டிங்கற, ரூமுக்கு ஏத்த மாதிரி சத்தத்தை சரி பண்ற வசதி எட்டு இடம் வரைக்கும் அளந்து பாக்கும். எட்டும் பண்ணுங்க. கேமரா ஸ்டாண்டு யார்கிட்டயாவது கடன் வாங்கி, மைக்கை காது உயரத்துல நிக்க வைங்க, கையில புடிக்காதீங்க, சோஃபா சாய்மானத்து மேல வைக்காதீங்க. முதல் இடம் நீங்க எப்பவும் உக்கார்ற இடம், மத்ததெல்லாம் அதை சுத்தி ரெண்டடிக்குள்ள. ஃபேனை நிறுத்துங்க, ஏசியை நிறுத்துங்க, சமையக்கட்டுல குக்கர் இருந்தா அடுப்பை அணைச்சுட்டு வாங்க, நடுவுல ஒரு விசில் அடிச்சா அந்த இடத்தை திரும்ப எடுக்கணும். ராத்திரி பத்து மணிக்கு மேல ரோட்ல வண்டி குறைஞ்சப்புறம் பண்றது உத்தமம், பக்கத்து வீட்ல மட்டும் சொல்லிடுங்க, அந்த பீப் சத்தம் கொஞ்சம் காதைக் குடையும்.

அளந்து முடிச்சதும் மெனுல போய் ஸ்பீக்கர் சைஸ் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. முன்னாடி ரெண்டு ஸ்பீக்கரையும் அதுவே "லார்ஜ்"னு போட்டிருந்தா "ஸ்மால்"னு மாத்தி கிராஸ்ஓவர் (சத்தத்தை ஸ்பீக்கருக்கும் சப்புக்கும் பிரிக்கிற எல்லை) 80 ஹெர்ட்ஸ் வைங்க, அதுக்குக் கீழ உள்ள கனமான சத்தத்தை சப், அதாவது சப்வூஃபர் பாத்துக்கும், ரிசீவருக்கும் பாரம் குறையும். சப் எட்டடியில இருக்கு ஆனா அது பதிமூணு அடின்னு காட்டுதேன்னு பயந்து ஒருத்தர் எழுதியிருந்தார், அது சரி தான், சப்புக்குள்ள இருக்கிற சர்க்யூட் சத்தத்தை கொஞ்சம் தாமதமா விடும், அந்த தாமதத்தையும் சேத்து தான் மைக் தூரமா சொல்லுது, அதை கை வைக்காதீங்க. கடைசியா சென்டர் லெவலை மட்டும் 2 இல்லனா 3 டெசிபல் ஏத்துங்க. டைனமிக் ஈக்யூ (சத்தம் குறைச்சு வச்சாலும் பாஸ் குறையாம பாத்துக்கிற செட்டிங்) ஆன்ல இருந்தா ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்னு ஒண்ணு இருக்கும், டிவி நிகழ்ச்சிக்கு அதை 10 இல்ல 15 வச்சுப் பாருங்க, பின்னாடி ஸ்பீக்கர் சத்தமும் பாஸும் ஓவரா முன்ன வர்றது அடங்கும். ராத்திரி குழந்தைங்க தூங்கறப்போ டைனமிக் வால்யூம் "லைட்" போட்டுக்கோங்க, சின்ன சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இருக்கிற வித்தியாசத்தை அது குறைச்சுடும், ரிமோட் கையில வேணாம்.

இன்னொண்ணு, உங்க ஹால் பூரா வழவழ டைல்ஸ், சுவத்துல ஒண்ணுமில்ல, ஜன்னல்ல திரையும் இல்ல. அங்க நின்னு கை தட்டினா "டங்"னு திரும்ப கேக்கும். பேச்சு தெளிவா கேக்க விடாம பண்றதுல இதுக்கு பெரிய பங்கு உண்டு. கனமான திரை ஒண்ணு, சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவுல ஒரு பவானி ஜமக்காளம், பின் சுவத்துல ஒரு புத்தக அலமாரி, அவ்வளவு தான். இதுக்கு ஆகுற செலவுல ரிசீவர்ல ஒரு மாடல் கூட மேல போக முடியாது, ஆனா காதுக்கு வித்தியாசம் அதை விட ஜாஸ்தி தெரியும்.

கேள்வி: கடையில ஹோம் தியேட்டர் செட்டு மேல ஆயிரக்கணக்குல வாட்ஸ் போட்டிருக்கான். நான் அறுபதாயிரம் குடுத்து வாங்கப்போற ரிசீவர்ல வெறும் 80 வாட்ஸ்னு இருக்கு. ஏமாத்துறாங்களா?
- லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: 80னு போட்டவன் தான் ஒழுங்கா சொல்லியிருக்கான் தம்பி. அந்த 80க்கு பக்கத்துல பொடி எழுத்துல என்ன இருக்குன்னு படிங்க, 8 ஓம் (ஸ்பீக்கரோட மின்தடை), 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோ ஹெர்ட்ஸ், 0.08 சதவீதம் டிஸ்டார்ஷன் (சத்தம் சிதையற அளவு), ரெண்டு சேனல் ஓடும்போதுன்னு இருக்கும். அதாவது கீழ் சத்தத்துல இருந்து மேல் சத்தம் வரைக்கும் சுத்தமா அவ்வளவு தர்றேங்கறான். முதல் கேள்வில வந்த டெனான் எக்ஸ்1700ஹெச்சுக்கு ஐரோப்பா விளம்பரத்துல 145 வாட்ஸ்னு இருக்கும், அங்க 6 ஓம், ஒரே ஒரு சேனல், ஒரே ஒரு ஸ்ருதியில அளந்தது. பொட்டி ஒண்ணு தான், அளக்குற விதம் தான் வேற. பிஎம்பிஓன்னு ஆயிரக்கணக்குல போடுறதெல்லாம் கண் இமைக்கிற நேரத்துக்குள்ள வந்து போற கணக்கு, அதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

இன்னொரு கணக்கு சொல்றேன், இது தெரிஞ்சா வாட்ஸ் மோகமே போயிடும். வாட்ஸை ரெண்டு மடங்காக்கினா கிடைக்கிறது 3 டெசிபல் தான், காதுக்கு "கொஞ்சம் ஏறிச்சு"ன்னு தோணும், அவ்வளவே. சத்தம் ரெண்டு மடங்கு மாதிரி கேக்கணும்னா 10 டெசிபல் வேணும், அதுக்கு வாட்ஸ் பத்து மடங்கு ஆகணும். அதனால 80 வாட்ஸ் ரிசீவருக்கும் 100 வாட்ஸ் ரிசீவருக்கும் நடுவுல காதால வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனா ஸ்பீக்கர்ல சென்சிட்டிவிட்டி (குடுக்கிற வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் வருதுங்கற டெசிபல் கணக்கு) 85னு இருக்கிறதுக்கும் 91னு இருக்கிறதுக்கும் வித்தியாசம் நல்லாவே தெரியும், 85 ஸ்பீக்கருக்கு அதே சத்தம் வரவைக்க நாலு மடங்கு வாட்ஸ் தள்ளணும். கடையில போய் கேக்க வேண்டிய நம்பர் இது. லாஸ்பேட்டை வீட்டு ஹால் சைஸுக்கு சாதாரணமா படம் பாக்கறப்போ ஒரு ஸ்பீக்கருக்கு சில வாட்ஸ் தான் போயிட்டிருக்கும், மீதி எல்லாம் திடீர்னு வெடி வெடிக்கிற நேரத்துக்கு கையிருப்பு.

கேள்வி: எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் பண்ணிக் குடுத்த 5.1 (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்) அசெம்பிள் செட்டு தான் பல வருஷமா ஓடுது. 5200, 1943 டிரான்சிஸ்டர் போட்டது. சவுண்டுல குறையே இல்ல. இப்ப எல்லாரும் பிராண்டட் ரிசீவர் வாங்கு வாங்குன்றாங்க. அவசியமா?
- பண்ருட்டி

பதில்: அந்த அண்ணன் கைக்கு மரியாதை சார். 4440 ஐசில ஆரம்பிச்சு 5200 ஜோடி வரைக்கும் நம்ம ஊர் மெக்கானிக்குங்க சொந்தமா கத்துக்கிட்டு போட்ட போர்டுங்க தான் எத்தனையோ வீட்டுக்கு முதல் சரவுண்டு சவுண்டு குடுத்துச்சு. ரிப்பேர்னா சைக்கிள்ல எடுத்துட்டுப் போனா சாயங்காலம் ரெடி, அதுக்கு ஈடே இல்ல. பாட்டு கேக்கறதும் பழைய படம் பாக்கறதும் தான் உங்க வேலைன்னா மாத்தவே மாத்தாதீங்க.

மாத்தணும்னா எதுக்குன்னு தெரிஞ்சு மாத்துங்க. அசெம்பிள் செட்டுல பொதுவா டீகோடர் போர்டுக்கு ஆப்டிகல் வழியா டால்பி டிஜிட்டல் வரும், அதுவும் நல்லா தான் இருக்கும். ஆனா ஒவ்வொரு ஸ்பீக்கரும் எத்தனை அடி தள்ளி இருக்குன்னு அளந்து, கிட்ட இருக்கிறதை கொஞ்சம் தாமதப்படுத்தி எல்லா சத்தமும் ஒரே நேரத்துல காதுக்கு வர வைக்கிற வேலை அதுல இல்ல, 80 ஹெர்ட்ஸுக்கு கீழ உள்ளதை எல்லா சேனல்ல இருந்தும் எடுத்து சப்புக்கு அனுப்பற வேலையும் பெரும்பாலும் ஒழுங்கா இருக்காது. பின்னாடி ஹெலிகாப்டர் சுத்துற சீன் ஓடவிட்டா, ஒரு ஸ்பீக்கர்ல இருந்து அடுத்த ஸ்பீக்கருக்கு குதிக்காம வழுக்கிட்டு போகுதான்னு பாருங்க, ரிசீவருக்கு குடுக்கிற காசு அந்த வழுக்கலுக்குத் தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய ஸ்பீக்கர் பொட்டிங்களையே புது ரிசீவர்ல மாட்டப் போறீங்கன்னா, முதல்ல மல்டிமீட்டர் வச்சு ஒவ்வொண்ணையும் பாருங்க. 4 ஓம் ஸ்பீக்கரை ரெண்டு ரெண்டா பேரலல்ல போட்டு வச்சிருப்பாங்க, அது 2 ஓமுக்கு வந்துடும், அசெம்பிள் செட்டு ஹீட் சிங்க் பெருசா வச்சு தாக்குப் பிடிச்சிருக்கும், ரிசீவர் தன்னைக் காப்பாத்திக்க உடனே புரொடெக்ட்ல போயி கட் ஆயிடும். 6 இல்ல 8 ஓம் ஸ்பீக்கரா, சேனலுக்கு ஒண்ணா போடுங்க.

கேள்வி: எங்களுது வைசியாள் வீதி பக்கம் பழைய வீடு, தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்தரம் வரிசையா இருக்கும். அட்மாஸுக்காக (மேல இருந்தும் சத்தம் வர்ற டால்பி முறை) மேல் பாத்து அடிக்கிற ஸ்பீக்கர் வாங்கி வச்சேன், மேல இருந்து ஒரு சத்தமும் வரல. ரிசீவர் ஃபால்ட்டா?
- புதுச்சேரி

பதில்: ரிசீவர் சரியாத்தான் அனுப்புது. மேல் பாத்து அடிக்கிற ஸ்பீக்கர் சத்தத்தை கூரையில மோதி உங்க தலைக்குத் திருப்பி அனுப்பணும், அதுக்கு கூரை சமமா, வழவழன்னு, ரொம்ப உயரமில்லாம இருக்கணும். 14 அடிக்கு மேல போனா இது வேலைக்கு ஆகாதுன்னு டால்பி கம்பெனியே சொல்லுது. உங்க வீட்ல உத்தரத்துக்கு உத்தரம் பள்ளம், உயரமோ அதுக்கு கிட்டத்தட்ட வருது, சத்தம் நாலா பக்கமும் சிதறித்தான் போகும்.

அந்தக் கூரையில ஓட்டை போட்டு ஸ்பீக்கர் பதிக்கிறேன்னு மட்டும் இறங்கிடாதீங்க சார், சுண்ணாம்புக் கூரை, ஒரு தடவை கீறினா மழைக்கு ஒழுக ஆரம்பிக்கும், இப்ப அந்த வேலை தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கிறதே கஷ்டம். சின்ன ஸ்பீக்கர் ரெண்டை எடுத்து டிவி பக்கத்து சுவத்துல எவ்வளவு மேல முடியுமோ அவ்வளவு மேல ஆணி அடிச்சு, உக்கார்ற இடத்தைப் பாத்து சாய்ச்சு மாட்டுங்க, ரிசீவர் மெனுல "ஃப்ரண்ட் ஹைட்"னு தேர்ந்தெடுங்க. மேல இருந்து மழை பெய்யுற மாதிரி ஒரு உணர்வு கிடைக்கும், முழு அட்மாஸ் இல்லனாலும் இப்ப இருக்கிறதை விட நல்லா இருக்கும். அதுவும் முடியலைனா 5.1 போதும். நல்லா செட் பண்ண அஞ்சு ஸ்பீக்கர், அரைகுறையா மாட்டின ஏழு ஸ்பீக்கரை விட எப்பவும் மேல்.

கேள்வி: மாமா பிரான்ஸ்ல இருக்கார், லீவுக்கு வரும்போது யமஹா ரிசீவர் கொண்டு வர்றேங்கறார். இங்க ஓடுமா?
- முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஓடும்மா. அங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் தான். பிளக் மட்டும் நம்ம சாக்கெட்ல லூசா உக்காரும், அடாப்டரை நம்பாம கார்டையோ பிளக்கையோ இங்க மாத்திடுங்க. அமெரிக்கால இருந்து வர்றதுன்னா தான் தொல்லை, 120 வோல்ட் பொட்டி, நேரா சொருகினா அன்னிக்கே போச்சு, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் பெருசா வாங்கணும். எங்க இருந்து வந்தாலும் இங்க வாரண்டி கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க. பொட்டி எட்டு ஒன்பது கிலோ வரும், லக்கேஜ் கணக்கு, கஸ்டம்ஸ் எல்லாம் சேத்துப் பாத்து மிச்சமாகுதான்னு மாமாகிட்ட கேளுங்க.

கேள்வி: டிவில ஓடிடி ஆப் போட்டா ரிசீவர் டிஸ்ப்ளேல அட்மாஸ்னு வரவே மாட்டேங்குது, வெறும் ஸ்டீரியோன்னே காட்டுது. ஆப்டிகல் வயர் தான் போட்டிருக்கேன். காசு வேஸ்டா?
- நெல்லிக்குப்பம்

பதில்: அந்த வயரை கழட்டி வைங்க, அது தான் தடை. ஓடிடில அட்மாஸ் வர்றது டால்பி டிஜிட்டல் பிளஸ்ங்கற வடிவத்துல, ஆப்டிகல் வயர்ல அது போகவே போகாது, பழைய டால்பி டிஜிட்டல் 5.1 வரைக்கும் தான் அதோட கொள்ளளவு. டிவி பின்னாடி ஹெச்டிஎம்ஐ ஓட்டைங்கள்ல ஒண்ணுல மட்டும் ஆர்க் (ARC) இல்ல ஈ-ஆர்க்னு (eARC) எழுதியிருக்கும், டிவி சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்புற வழி அது. அதுல இருந்து ரிசீவரோட ஹெச்டிஎம்ஐ அவுட்டுக்கு ஒரு கேபிள், அவ்வளவு தான். வேற ஓட்டையில சொருகிட்டு வேலை செய்யலைன்னு எழுதினவங்க நிறைய பேர். ஓடிடி அட்மாஸுக்கு சாதா ஆர்க்கே போதும், ப்ளூரே பிளேயரை டிவில மாட்டி அதோட முழு தரத்தையும் ரிசீவருக்கு கொண்டு போகணும்னா தான் ஈ-ஆர்க் வேணும், பிளேயரை நேரா ரிசீவர்லயே மாட்டிட்டா அதுவும் வேணாம்.

அப்புறம் டிவி செட்டிங்க்ல சவுண்டு அவுட்புட் பிசிஎம்னு இருந்தா பாஸ் த்ரூ இல்லனா பிட்ஸ்ட்ரீம்னு மாத்துங்க, சிஇசி (டிவியும் ரிசீவரும் ஹெச்டிஎம்ஐ வழியா ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற வசதி) ஆன் பண்ணுங்க. ஃபயர் டிவி ஸ்டிக் வச்சிருந்தா ஆடியோ மெனுல "பெஸ்ட் அவைலபிள்" தேர்ந்தெடுங்க. நெட்ஃப்ளிக்ஸ்ல அட்மாஸ் பிரீமியம் பிளானுக்கு தான் வரும், கம்மி பிளான்ல இருந்துட்டு ரிசீவரை குறை சொல்லக் கூடாது. இதுல முக்கியமானது, உங்க ரிசீவருக்கு அட்மாஸ் இருக்கான்னு மாடல் நம்பரை பாருங்க. யமஹா ஆர்எக்ஸ்-வி4ஏ, சோனி எஸ்டிஆர்-டிஹெச்590 ரெண்டும் 5.2 பொட்டி, நல்ல பொட்டி, ஆனா அட்மாஸ் கிடையாது, என்ன பண்ணாலும் அந்த எழுத்து வராது. அதுல 5.1 வந்தாலே அது முழு வேலையையும் செய்யுதுன்னு அர்த்தம்.

இளையராஜா பாட்டு, பழைய பாட்டெல்லாம் கேக்கறப்போ ஸ்டீரியோன்னு காட்டினா அப்படியே விடுங்க சார். ரெண்டு ஸ்பீக்கருக்குன்னு மிக்ஸ் பண்ணது, அதை ஏழு பக்கமும் பரப்பினா வயலினோட இடமே தொலைஞ்சு போயிடும்.

கேள்வி: சார், ரிசீவர் வாங்கின முதல் ஆறு மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப படம் பாதியில தானா ஆஃப் ஆகுது, தொட்டா கை வைக்க முடியல அவ்வளவு சூடு. ஒரு பக்க ஸ்பீக்கர் கரகரங்குது. வீடு கடலுக்கு கிட்ட. மழைக்காலத்துல இடி இடிச்சா வேற பயமா இருக்கு, என்ன பண்ணணும்?
- இல்லத்தரசி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அம்மா, இந்த லெட்டருக்காகவே இந்த பக்கத்தை ஆரம்பிச்சிருக்கலாம், ஏன்னா நம்ம கடற்கரைக்குன்னு இருக்கிற பிரச்சினை இது, கம்பெனி புக்ல ஒரு வரி கூட இருக்காது.

முதல்ல சூடு. இந்த விலையில வர்ற ரிசீவர்ல பெரும்பாலும் ஏபி கிளாஸ் ஆம்ப்ளிஃபயர் தான், கரண்டுல கணிசமான பங்கை சூடாவே வெளிய விடும், அது இயற்கை. அந்த சூடு பொட்டியோட மேல் பக்கத்து காத்து ஓட்டைங்க வழியா தான் போகணும். வழக்கமா என்ன நடக்கும்னா, ரிசீவர் மேல செட்டாப் பாக்ஸ், அது மேல மோடம், இல்லனா தூசி படக்கூடாதுன்னு ஒரு எம்பிராய்டரி துணி. மூணையும் எடுங்க. மேல அரையடி, ரெண்டு பக்கமும் நாலு விரல்கடை இடம் இருக்கணும், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரின்னா படம் பாக்கறப்போ கதவைத் திறந்து வைங்க, இல்ல பின் பலகைய அறுத்து விடுங்க. ஈகோ மோடு இருந்தா அன்றாட டிவிக்கு அதைப் போடுங்க.

கரகர சத்தம் உப்புக்காத்து வேலை. பவரை ஆஃப் பண்ணி பிளக்கை பிடுங்கிட்டு, அந்த பக்க ஸ்பீக்கர் வயரை கழட்டி முனையைப் பாருங்க, செம்பு பளபளப்பு போயி கறுத்திருக்கும், இல்ல பச்சையா களிம்பு ஏறியிருக்கும். அந்த முனைய வெட்டிட்டு புதுசா அரை இன்ச் சீவி, இழை ஒண்ணு கூட பிரியாம முறுக்கி, முலாம் பூசின பனானா பிளக்குல இறுக்கி மாட்டுங்க. பிரிஞ்ச ஒரு இழை பக்கத்து முனையில பட்டாலும் ரிசீவர் தானா ஆஃப் ஆகும், உங்களுக்கு ஆஃப் ஆகறதுக்கு அது கூட காரணமா இருக்கலாம், சூடோட சேத்து இதையும் பாத்துடுங்க. வயரை சீவும்போது உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது செம்பு பூசின அலுமினியம், கடல் பக்கத்துல அது தாங்காது, பூராத்தையும் சுத்த செம்பு வயரா மாத்திடுங்க, 16 கேஜ் போதும். தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவை, பொங்கலுக்கு அப்புறம் ஒரு தடவை முனைங்களைப் பாக்கற பழக்கம் வச்சுக்கோங்க. வாரம் முழுக்க போடாம கிடக்கற பொட்டியில ஈரம் சேரும், அப்பப்ப ஒரு அரை மணி நேரமாவது ஓட விடுங்க.

இடி விஷயத்துல உங்க பயம் நியாயம். 2011 டிசம்பர் 30ல தானே புயல் நம்ம கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல தான் கரை ஏறிச்சு, 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் பாண்டிக்கிட்ட. ஐப்பசி கார்த்திகைல வானம் கறுத்துட்டு வந்தா ரிமோட்ல ஆஃப் பண்ணா பத்தாது, பிளக்கை பிடுங்கணும். பிளக்கை மட்டும் பிடுங்கிட்டு கேபிள் டிவி வயரையும் இன்டர்நெட் வயரையும் விட்டுடறாங்க, கம்பத்துல இருந்து வர்ற அந்த வயர் வழியா மின்னல் வந்து செட்டாப் பாக்ஸ்ல ஏறி ஹெச்டிஎம்ஐ வழியா ரிசீவர் போர்டை அடிச்சுடும். இந்த விலை ரிசீவர்ல ஹெச்டிஎம்ஐ போர்டு போச்சுன்னா செலவு கையைக் கடிக்கும், அதனால அந்த ரெண்டையும் கழட்டி தூரப் போடுங்க. புயலுக்கு அப்புறம் கரண்ட் வர்றப்போ அவசரப்பட்டு சொருகாதீங்க, லைன்ல நியூட்ரல் கட்டாயிருந்தா 230க்கு பதிலா 400 வோல்ட் கிட்ட வந்துடும், லைட்டு ஃபேன் ஒழுங்கா எரியுதான்னு கொஞ்ச நேரம் பாத்துட்டு அப்புறம் போடுங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கான்னும் ஒரு தடவை சோதிச்சுக்கோங்க, மணல் தரையில எர்த் குழி காஞ்சு போயிருக்கும், எர்த் இல்லாத வீட்ல ஸ்பைக் கார்டு வாங்கி மாட்டியும் பாதி பலன் தான். தண்ணி ஏறுற தெருன்னா சப்பை தரையில விடாதீங்க, எல்லாத்துக்கும் முன்னாடி நனையறது அது தான்.

கேள்வி: என்எல்சி குவார்ட்டர்ஸ்ல இருக்கேன், சுவத்துல ஆணி அடிக்க முடியாது, எப்ப வேணா டிரான்ஸ்ஃபர். ரிசீவரா சவுண்ட்பாரா?
- நெய்வேலி

பதில்: சப்போட வர்ற நல்ல சவுண்ட்பார் வாங்கிட்டு நிம்மதியா இருங்க. சொந்த வீடு கட்டும்போது சுவத்துக்குள்ள பைப் விட்டு வயர் இழுத்துட்டு ரிசீவர் போடலாம், அதுக்குள்ள புது மாடலும் வந்திருக்கும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல 2020 மாடல் 8கே ரிசீவர் பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா?
- திருப்பாப்புலியூர்

பதில்: கேம் ஆடற வீடான்னு முதல்ல சொல்லுங்க. 2020ல வந்த டெனான், மராண்ட்ஸ், யமஹா 8கே பொட்டிங்கள்ல இருந்த ஒரு ஹெச்டிஎம்ஐ சிப்ல கோளாறு, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸை மாட்டி 4கே 120ல (செகண்டுக்கு 120 ஃபிரேம்) போட்டா திரை கறுப்பா ஆயிடும். டெனான்காரங்க ஒரு அடாப்டர் பொட்டி குடுத்தாங்க, யமஹா போர்டையே மாத்திக் குடுத்தாங்க. விக்கிறவர்கிட்ட அது செஞ்சிருக்கான்னு கேளுங்க. படம் மட்டும் பாக்கறதுக்குன்னா இது உங்களை பாதிக்காது. ஓன்கியோ பொட்டி வந்தா, அந்த பழைய கம்பெனி 2022ல ஜப்பான்ல திவால் ஆனது, பேர் இப்ப வேற கை மாறி புது மாடல் வந்துட்டு தான் இருக்கு, ஆனா பழைய மாடலுக்கு பார்ட்ஸ் கிடைக்குமான்னு மெக்கானிக்கை கேக்காம காசு குடுக்காதீங்க. எதுவா இருந்தாலும் மைக் கூட இருக்கான்னு பாருங்க, மைக் இல்லாத ரிசீவர்ல பாதி விலைக்கான சமாச்சாரம் இல்ல. ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ ஓட்டையிலயும் சொருகி, ஒவ்வொரு ஸ்பீக்கர் முனையிலயும் சத்தம் வருதான்னு ஓடவிட்டுப் பாத்துட்டு எடுங்க.

கேள்வி: மொத்தமா ஒரு லட்சம் இருக்கு, ஸ்பீக்கரும் சேத்து. என்ன வாங்கச் சொல்வீங்க? கடைக்காரர் எழுபதாயிரத்துக்கு ரிசீவர் காட்டுறார்.
- ரெட்டியார்பாளையம், புதுச்சேரி

பதில்: கடைக்காரர் சொல்றபடி போனா ஸ்பீக்கருக்கு முப்பதாயிரம் தான் நிக்கும், அஞ்சு ஸ்பீக்கரும் சப்பும் அதுல வந்தா எப்படி இருக்கும்னு யோசிங்க. மூணுல ஒரு பங்கு ரிசீவருக்கு, கொஞ்சம் கூடினாலும் நாப்பதைத் தாண்ட வேணாம், மீதி பூரா ஸ்பீக்கருக்கும் சப்புக்கும். வந்த லெட்டருங்கள்ல மனசார சந்தோஷமா எழுதினவங்க எல்லாம் இந்த கணக்குல போனவங்க தான். வீட்ல ஏழு ஸ்பீக்கருக்கு இடம் இல்லனா 5.2 பொட்டியே எடுங்க, யமஹா வி4ஏ மாதிரி. ஹெச்டிஎம்ஐ உள்ள போற ஓட்டை நாலு இருக்கு, செட்டாப் பாக்ஸ், ஸ்டிக், பிளேயர், கேம் எல்லாத்துக்கும் போதும். மேல ஸ்பீக்கர் மாட்ட கூரை தோதா இருந்து, மாட்டியே தீருவேன்னு இருந்தா மட்டும் 7.2 அட்மாஸ் பொட்டிக்குப் போங்க, ரிசீவருக்கு நான் சொன்னதை விட ஜாஸ்தி ஆகும், அப்ப சப்பை ஆறு மாசம் கழிச்சு வாங்கிக்கலாம்.

கடையில அவங்க போட்டுக் காட்டுற டெமோவை மட்டும் பாத்துட்டு வராதீங்க. வீட்ல அடிக்கடி பாக்கற படம் ஒண்ணை, ரெண்டு பேர் மெதுவா பேசுற சீனா பாத்து போடச் சொல்லிக் கேளுங்க, வெடிச்சத்தம் எல்லா செட்டுலயும் நல்லா தான் இருக்கும். பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க. ரிப்பேர்னா பாண்டியிலயே பாப்பாங்களா இல்ல சென்னைக்கு அனுப்புவாங்களா, அனுப்பினா போக வர செலவு யாருதுன்னு அங்கயே கேட்டு பில் பின்னாடி எழுதி கையெழுத்து போடச் சொல்லுங்க.